மேடையில் பிறந்த எண்காலி

அந்தப் பொய்யை நான் நிமிர்ந்த தலையோடு, ஒலிபெருக்கியின் முன் நின்று சொன்னேன். தடுமாறிச் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தடுமாறாமல் சொல்வதில்தான் எனக்கு மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது.

எழுபதுகளின் கடைசி. கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போர். வரதட்சணை ஒழிவது சட்டத்தாலா, மனமாற்றத்தாலா என்பது தலைப்பு. நான் சட்டத்தின் பக்கம். எதிரணித் தலைவி காஞ்சிபுரத்துக் கல்லூரியிலிருந்து வந்தவர். ஒல்லியான பெண், தணிந்த குரல், ஆனால் கேள்வி கேட்டால் நெஞ்சுக்குழியில் வந்து குத்தும். என் உரையின் உச்சியில் நான் முழங்கினேன்: "வரதட்சணை ஓர் எண்காலி! ஒரு கை தந்தையின் நிலத்தை வளைக்கிறது. ஒரு கை தாயின் தாலிக்கொடியை இழுக்கிறது. ஒரு கை தங்கையின் படிப்பை நெரிக்கிறது..." இப்படி எட்டுக் கைகளையும் ஒவ்வொன்றாக நீட்டி, எட்டாவதை மணப்பெண்ணின் கழுத்தில் சுற்றி நிறுத்தினேன். அவை ஆரவாரித்தது.

ஆரவாரம் அடங்கும்வரை பொறுத்திருந்து அவர் எழுந்தார். "தோழி அவர்களுக்கு ஒரு சிறு ஐயம். எண்காலி நெரிக்கும் என்கிறீர்கள். நீங்கள் கண்ணால் கண்டதுண்டா? உங்கள் ஒரகடத்தின் பக்கம் கடல் எப்போது வந்தது?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பதில் சொல்லாத பேச்சாளர் தோற்றவர். நான் சொன்னேன்: "கண்டதுண்டா என்றா கேட்கிறீர்கள்? வளர்க்கிறேன். என் வீட்டில், கண்ணாடித் தொட்டியில்."

இம்முறை கைதட்டல் எனக்கு. ஆனால் நடுவர் வேடிக்கைப் பிரியர். "அப்படியானால் எதிரணித் தலைவி ஐந்து வாரம் கழித்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த மேடையில் அவைக்குச் சொல்லட்டும்" என்று தீர்ப்போடு தீர்ப்பாக அறிவித்துவிட்டார். வெற்றிக் கோப்பை என் கையில் இருந்தது. வாக்கும் என் தலையில் ஏறியிருந்தது. திரும்பிவரும் பேருந்தில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முடிவு செய்தேன்: சொன்னதை மீட்க முடியாது, ஆகவே சொன்னதை உண்மையாக்க வேண்டும்.

எங்கள் வீடு ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில். அப்பா வயலோடு இருப்பவர், பேச்சு குறைந்தவர். அண்ணன் தாம்பரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் ஃபிட்டர். அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

"ஆக்டோபஸா? சினிமாவுல கப்பல இழுத்துக்கினு போவுமே, அதுவா?"

"அவ்ளோ பெருசு இல்லண்ணா. உள்ளங்கை அளவுலயும் கீதாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்காமயே வளத்துட்டியா! பலே. மைக் முன்னாடி நின்னா இன்னா வேணா வளப்ப நீ." சிரித்தானே தவிர, மறுவாரமே பட்டறையில் மிஞ்சிய இரும்பு ஆங்கிளை வெட்டி, சட்டம் அடித்து, பெயின்ட் பூசி, நான்கு பக்கமும் கண்ணாடி பதித்துத் தொட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியின்மேல் வைக்க அம்மியின் குழவியை எடுத்தபோது அம்மாவிடம் திட்டும் வாங்கினான். சென்னையில் வண்ணமீன் விற்கும் கடையிலிருந்து சிறிய காற்றுக்கருவி ஒன்றும் அவன்தான் கொண்டுவந்தான். எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பாமல், தன் சைக்கிள் பம்பில் ரப்பர் குழாய் ஒன்றையும் மாட்டிக் கொடுத்தான்.

ஞாயிறுதோறும் தாம்பரம் போய், அங்கிருந்து கோவளம் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் புத்தகத்தில் இருந்த எண்காலிப் படத்தைக் காட்டினேன்.

"பேய்க்கணவாயா? இத்த இன்னாத்துக்குமா? தூண்டிலுக்கு இரையா போடுவோம் நாங்க."

"உசுரோட வேணும்ணா."

"உசுரோடவா? கொழம்புக்கா, மருந்துக்கா?"

"வளக்கறதுக்கு."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டார். "டேய், இங்க வாங்கடா! இந்தப் பொண்ணு பேய வளக்கப் போவுதாம்!"

நான்கைந்து பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அசையாமல் நின்றேன். கேலியைத் தாங்கி நிற்பதும் மேடைப் பயிற்சியில் ஒரு பாடம்தான். இரண்டாவது ஞாயிறு அவரே கைதட்டி அழைத்தார். கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு சட்டிக்குள் எண்காலி ஒன்று புகுந்திருந்ததாம். எலுமிச்சம்பழம் அளவு உடம்பு. சாண் நீளக் கைகள். என்னையே பார்க்கும் கண் ஒன்று. சட்டியோடு வாளியில் வைத்து, ஈரத்துணி கட்டி, கடல்நீர் நிறைத்த பிளாஸ்டிக் கேன்கள் இரண்டோடு பேருந்து ஏறினேன்.

நடத்துநர் முகம் சுளித்தார். "வாளியில மீனாம்மா? மீன் ஏத்தக் கூடாது."

"மீன் இல்லீங்க."

"பின்ன?"

"காலேஜ் பாடம்."

பாடத்துக்குப் பயணச்சீட்டுக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டில் தடை வேறு வடிவில் வந்தது. "பேயின்னு பேர் வெச்ச எதுவும் இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள் அம்மா.

"பேரு மட்டுந்தாம்மா."

"பேருதான்டி வேணாங்கறேன்."

ஆகவே முன்பாதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வீட்டுக்குள் அனுமதித்தோம். எங்கள் பேச்சில் கணவாய் 'கணவா' ஆயிற்று. அதன் விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் உரக்கக் கேட்டாள்: "இன்னாக்கா, உம் பொண்ணுக்குக் கணவா வந்துட்டாராமே? சொல்லவே இல்ல?"

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி சொன்னாள்: "வந்துட்டாரு. எட்டுக் கை. ஒரு கைக்காவது வேல செய்யத் தெரியணுமே."

தெரு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பியவள் நான்.

எண்காலியைக் காப்பது நான் நினைத்ததைவிடக் கடினமான வேலையாக இருந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை பாதி நீரை மாற்ற வேண்டும். மாற்று நீர் கோவளத்தில் இருந்தது. நான் வடக்குப்பட்டில் இருந்தேன். வகுப்பு முடிந்ததும் கடற்கரைக்குப் போய், இரு கைகளிலும் கேன்களோடு திரும்புவேன். என் உள்ளங்கைகளில் காய்ப்பு விழுந்தது. மின்சாரம் போனால் நானும் அண்ணனும் மாறி மாறி சைக்கிள் பம்பை அடித்துத் தண்ணீருக்குள் காற்று ஏற்றினோம். இரைக்கு நண்டு வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னேன். அப்பா சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போனார். மறுநாள் காலை, வைக்கோல் பிரியில் கட்டிய மூன்று வயல்நண்டுகள் வாசலில் கிடந்தன. அதன்பின் நாள்தோறும் கிடந்தன.

அது நண்டைத் தின்ற விதத்தை நான் ஒரு வழக்கறிஞரின் கவனத்தோடு பார்த்தேன். தின்று முடித்து, ஓடுகளைச் சட்டியின் வாசலுக்கு வெளியே தள்ளிக் குவித்து வைக்கும். ஒருநாள் நீரில் விரலை விட்டேன். ஒரு கை நீண்டு வந்து விரல் நுனியைத் தொட்டது, தயங்கியது, நகத்தைத் தடவியது, விரலின் வெட்டுத் தழும்பில் நின்று மெல்ல உறிஞ்சிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. நான் மேடையில் நீட்டிய எட்டுக் கைகளில் ஒன்றுகூட இப்படி இல்லை. அவை நெரித்தன, இது விசாரித்தது. அன்றே என் உவமை உடைந்துவிட்டது என்பதை அறிவு ஒப்புக்கொண்டது. செருக்கு ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமைவரை அது உயிரோடு இருந்தால் போதும், உவமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

அம்மாவும் மாறினாள். முறத்தில் அரிசி புடைக்கும் வேலையைத் தொட்டியின் முன் வைத்துக்கொண்டாள். அவள் கை அசையும்போதெல்லாம் அது சட்டியிலிருந்து வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு செங்கல் நிறமாகும். "என்னத்தடி இப்டிப் பாக்குது? முறத்தையா, என்னையா?" என்பாள். ஒருமுறை மூடி சற்று விலகியிருந்தபோது அது பீய்ச்சிய மை, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தெறித்துக் கறையானது. அவள் அந்த நாட்காட்டியை மாற்றவில்லை.

எதிரணித் தலைவி வரவேண்டிய வாரம், புதன்கிழமை, நான் கொண்டுவந்த கேன்களை மோந்து பார்த்தாள். "பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது. காஞ்சிபுரத்துப் பொண்ணு வந்து மூக்கப் பொத்திக்கினா நமக்குத்தான அசிங்கம்?" உள்ளே போய்த் தன் செம்புக் குடத்தை எடுத்துவந்தாள். அது கிருத்திகைக்குக் கிருத்திகை வல்லக்கோட்டை முருகனுக்குத் தீர்த்தம் கொண்டுபோகும் குடம். வேறு எதற்கும் வெளியே வராது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று என் முன் வைத்தாள். "செம்புல ரெண்டு நாள் வெச்சா எந்தத் தண்ணியும் சுத்தமாயிடும். ஊத்து."

பேயென்று வாசலில் தடுத்தவள், முருகனின் குடத்தை அதற்குக் கொடுக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. எனினும் நான் எதையும் ஆராயாமல் ஏற்பவள் அல்லள் அல்லவா? ஆராய்ந்தேன். விலங்கியல் நூலில் படித்தது நினைவுக்கு வந்தது: நம் குருதியில் இரும்பு இருப்பதுபோல் எண்காலியின் குருதியில் தாமிரம் இருக்கிறது. உடனே வாதம் உருவாயிற்று. அதன் குருதியே தாமிரம். ஆகவே தாமிரம் அதற்கு அந்நியம் அன்று, உறவு. இதை அம்மாவுக்கு விளக்கமாகவே சொன்னேன். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நானும் என் பேச்சை ரசித்தேன்.

குடம் நிறைந்ததும் ஒரு கேனில் அரைப்பங்கு நீர் மிஞ்சியது. அதை மூலையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை குடத்து நீரைத் தொட்டியில் ஊற்றினேன். மெல்லிய பச்சை தெரிந்தது. கடலின் நிறம் என்று கொண்டேன்.

அன்று மாலை நண்டை அது தொடவில்லை. சனிக்கிழமை காலை சட்டிக்கு வெளியே, அரிசி கழுவிய நீரின் நிறத்தில், கைகள் தளர்ந்து கிடந்தது. விரலை நீட்டினேன். எந்தக் கையும் எதையும் கேட்கவில்லை.

கல்லூரிக்கு ஓடினேன். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளைகளையும் பாட்டில்களையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர் மட்டும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன், என் வாதத்தையும் சொன்னேன். அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, உன் ரத்தத்துல இரும்பு கீது. அதுக்காவ ஆணிய முழுங்குவியா?"

துண்டு நுனியால் ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்:

"உப்புத் தண்ணிய செம்புல வெச்சா செம்பு கரையும்மா. அதுதான் பச்சையா தெரிஞ்சிருக்கும். இந்த ஜாதிக்கு அது விஷம். வேற நல்ல கடல் தண்ணி கீதா?"

"அரைக் கேன்."

"அதுல போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள கடலுக்குக் கொண்டு போயிடு."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேராசிரியர்களிடம் தோற்காதவள், ஃபார்மலின் வாடை அடிக்கும் துண்டு போட்ட மனிதரிடம் ஒரே வரியில் தோற்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அரைக் கேன் நீரை வாளியில் ஊற்றி, எண்காலியைச் சட்டியோடு அதற்கு மாற்றினேன். அண்ணனுக்கு அன்று வாரவிடுப்பு. அவன் பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் ஒரு கை மட்டும் சட்டியின் விளிம்பைப் பற்றியது. அந்தக் கையில் மட்டும் நிறம் வந்தது.

தாம்பரம் போகும் பேருந்து ஒன்றே முக்காலுக்கு. அதை விட்டால் நாலரைக்கு. எதிரணித் தலைவி வருவது மூன்று மணிக்கு.

அண்ணன் சொன்னான்: "மூணு மணி வரிக்கும் இங்க இருக்கட்டும். அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டா உன் பேச்சு நின்னுடும் இல்ல? அப்பறம் நாலர வண்டி. நான் பம்ப் அடிக்கறேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து வாரமும் நான் உழைத்தது அந்த மூன்று மணிக்காகவே. எதிரே சுவர் மாடத்தில் கோப்பை மின்னியது. வாளிக்குள் எட்டில் ஒரு கை பற்றிக்கொண்டிருந்தது. ஏழு கைகள் பற்றவில்லை. நாலரை வண்டி கோவளம் சேர்வதற்குள் இருட்டிவிடும். அந்த அரைக் கேன் அதுவரை தாங்காது. என் சொல்லைக் காப்பாற்ற அதைச் சாகவிடலாம், அல்லது அதைக் காப்பாற்ற என் சொல்லைச் சாகவிடலாம். மேடையாக இருந்தால் இதை ஒரு நாழிகை பேசியிருப்பேன். துணியை எடுத்து வாளியைக் கட்டினேன்.

"போறேன்ணா. பம்பக் குடு."

அம்மா உள்ளிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எங் கொடத்தாலயாடி?"

"கொடம் ஒண்ணும் பண்ணல. ஊத்தலாம்னு சொன்னது நான்."

"நீ சொன்னா எல்லாம் சரின்னுதான் தோணுது" என்றாள் அம்மா. "அதாண்டி கஷ்டமே."

பேருந்தில் கடைசி இருக்கையில் வாளியைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு பம்பு அடித்தேன். படப்பையில் ஏறிய பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, பக்கெட்டு பஞ்சரா?" வண்டியே சிரித்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தாம்பரத்தில் வண்டி மாறியபோதும் நிறுத்தவில்லை. கேளம்பாக்கம் தாண்டும்போது தோள் கழன்று விழுவதுபோல் இருந்தது. கையை மாற்றி அடித்தேன்.

கோவளத்துப் பாறைகளுக்கு நடுவே முழங்கால் நீரில் நின்று வாளியைச் சாய்த்தபோது வெயில் இருந்தது. அது உடனே போகவில்லை. என் மணிக்கட்டில் மூன்று கைகள் ஒட்டியிருந்தன. ஓர் அலை வந்தது. இரண்டு கைகள் பாறைக்கு மாறின. மூன்றாவதும் விட்டது. அதன் உடம்பு பாறையின் நிறமாக மாறத் தொடங்கியது. மாறி முடித்தபின் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. பாறையைப் பற்றியதைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல முடியாது.

வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே தொடங்கினாள். "வந்தாங்கடி. அந்தப் பொண்ணும் கூட ஒரு பொண்ணும். நல்ல பொண்ணு. முறுக்கு குடுத்தேன், ரெண்டு சாப்ட்டுது."

"தொட்டியப் பாத்தாங்களா?"

"பாத்துட்டு, 'அது எங்கம்மா?'ன்னுது. கடலுக்குப் போயிருக்குதுன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கறதுக்கு முன்னாடி நண்டு ஓட்டக் காட்டனேன். 'நண்டு ஓடு எங்க ஊர்லயும் கிடைக்கும்மா'ன்னுது. காலண்டருல கறையக் காட்டனேன். 'இங்க் பாட்டில் எங்கிட்டயும் இருக்கு'ன்னுது. எனக்குக் கோவம் வந்துச்சு. 'எம் பொண்ணு பொய் சொல்லமாட்டா. போட்டிக்குப் போய்ட்டு வந்து ரெண்டாம் வாரமே கடலுக்குப் போய்ப் புடிச்சாந்தா'ன்னேன்."

"அம்மா!"

"ஏன்? தேதி தப்பா?"

தேதி சரிதான். அந்தத் தேதியால்தான் நான் அழிந்தேன். என்னை மெய்ப்பிக்க என் தாய் சொன்ன ஒரே உண்மை, நான் மேடையில் நின்ற நாளில் வீட்டில் எதுவுமே இல்லை என்பதையும் மெய்ப்பித்துவிட்டது.

அடுத்த மேடையில் எதிரணித் தலைவி தம் அறிக்கையைத் தணிந்த குரலில் வாசித்தார். காலித் தொட்டி, நண்டு ஓடு, மைக்கறை, அம்மா சொன்ன தேதி. எதையும் மிகைப்படுத்தவில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "தோழி அவர்களே, எண்காலி நலமா?" மன்றம் குலுங்கியது. பொய் சொன்னபோது எனக்குக் கைதட்டிய அதே மன்றம்.

நான் எழுந்தேன். என் அணியினர், நான் ஏதாவது திருப்பி அடிப்பேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியை என் உயரத்துக்குச் சரிசெய்தேன்.

"அவர் சொன்னது உண்மை. அன்று நான் சொன்னது பொய். எண்காலி நெரிக்கும் என்று சொன்னதும் பொய். அது நெரிக்காது. உவமையைத் திரும்பப் பெறுகிறேன். இனி இன்றைய தலைப்பு."

அன்றைய தலைப்பில் என் வாழ்விலேயே நன்றாகப் பேசினேன், தோற்றோம். நடுவர் பொய்க்கு மதிப்பெண் குறைத்தார். குறைத்தது சரியே.

நிகழ்ச்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எதிரணித் தலைவி வந்து பக்கத்தில் நின்றார்.  பிறகு மேடைக் குரல் இல்லாமல் கேட்டார்: "நிஜமாவே இருந்ததாங்க?"

"இருந்தது."

"அப்படீன்னா, என்ன நிறம்?"

குறுக்குக் கேள்வி. ஒரு காலத்தில் இதற்கு எட்டு அடுக்குகளில் விடை சொல்லியிருப்பேன். யோசித்தேன்; கண்டதை மட்டும் சொன்னேன். "அம்மா அரிசி புடைக்கும்போது செங்கல் நிறம். நண்டைப் பார்த்தால் கருத்துடும். உடம்பு முடியாதப்போ அரிசி கழுவின தண்ணி மாதிரி. கடைசியா பாறை நிறம். அதுக்கப்புறம் தெரியல."

காஞ்சிபுரம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் இரண்டு முறை ஊர்ப்பெயர் சொல்லிக் கூவினார். எதிரணித் தலைவி ஏறவில்லை.

"அம்மா அரிசி புடைக்கும்போதா?" என்றார். "ஏன்?"